தொண்டிக்கு ஒரு டிக்கெட்

ஏப்ரல் 3, திங்கள்

காலை 128/82. மாலை 130/84.

தினமும் இரண்டு வேளை பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் மதுரை டாக்டர். பிரஸ்ஸில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். இதுவரை எதிலும் ஒரு வரி எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதுகிறேன்.

பெயர் தவசிலிங்கம். வயது ஐம்பத்தொன்று. சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் இருபத்தெட்டு வருஷமாக மெஷின்மேன். ஜனவரி ஒன்பதாம் தேதி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேப்பர் கட்டுகள் மேல் சாய்ந்தேன். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்றோடு எண்பத்து நான்கு நாள்.

டாக்டர் சொன்னது இரண்டு வேளை. நான் ஒவ்வொரு வேளையும் ஐந்து தடவை பார்க்கிறேன். முதல் தடவை எப்போதும் கூடுதலாகக் காட்டும். குறைவாக வருவதை எழுதுகிறேன்.

மற்றபடி ஒன்றுமில்லை. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுப்பதில்லை. மாடிப்படி ஏறுவதில்லை. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. உள்ளே விழுந்துவிட்டால் யார் உடைப்பது?

மனைவி ஜெயக்கொடிக்கு இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடியில் வேலை. பதினொரு மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை ஓடி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள். நான் வரச் சொல்லவில்லை. அவளாகத்தான் வருகிறாள்.

ஏப்ரல் 5

126/80. மாலை நாடி ஒரு துடிப்பு விட்டுப்போன மாதிரி இருந்தது. ஜெயக்கொடிக்குப் போன் செய்தேன். வந்தாள். அதற்குள் சரியாகிவிட்டது.

ஏப்ரல் 9, ஞாயிறு

காளிராஜ் வந்திருந்தான். பிரஸ்ஸில் பிளேட் போடும் பிரிவில் இருக்கிறான். என்னைவிட ஆறு வயது இளையவன். அன்றைக்கு நான் விழுந்தபோது தூக்கி வேனில் போட்டவன் அவன்தான்.

"அண்ணே, மொதலாளி கேக்கச் சொன்னாரு. மெஷின்ல நிக்க வேணாம். மேல புரூஃப் பாக்குற சீட்டு காலியா இருக்கு. உக்காந்து பாக்குற வேலதான்."

"மேலன்னா ரெண்டாவது மாடில்ல?"

"ஆமா. பைய ஏறலாம்ல?"

"இருபத்தெட்டு வருசம் மெஷின் ஓட்டுனவன எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்றியா?"

அவன் காபியைக் குடித்தான். ஜெயக்கொடி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது. "மதினி, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டான். விசித்திரமாக இருந்தது. நோயாளி நான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

மாலை ஏழு மணிக்கு ஜெயக்கொடிக்கு அவள் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அடுப்படியில் நின்று பேசினாள். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பேசினாள் என்று கவனிக்கவில்லை.

ஏழரைக்கு எனக்கு நெஞ்சு வலி. இடது தோள் வரைக்கும் இழுத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 21, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்றார்கள். "வாயுவா இருக்கலாம், மனசும் காரணமா இருக்கலாம், ட்ரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க" என்றார் டூட்டி டாக்டர். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் லீவு போட்டு வருகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஜெயக்கொடி மூன்று நாளும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. அதிகம் பேசாதவள், அவ்வளவுதான்.

மே 2

124/80. அங்கன்வாடிக்குக் கோடை விடுமுறை. ஜெயக்கொடி பகல் முழுக்க வீட்டில் இருக்கிறாள். எனக்கு நிம்மதி.

ட்ரெட்மில் டெஸ்ட்டுக்கு இன்று போக வேண்டியது. வெயில் அதிகம் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். மூன்றாவது தடவை. ஓடும் பட்டையில் ஏற்றி நெஞ்சை வேகமாக அடிக்க வைத்து, அது நிற்கிறதா என்று பார்ப்பார்களாம். அங்கேயே நின்றுபோனால்?

மே 14, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும்.

ஜெயக்கொடிக்குக் காலையிலிருந்து காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டில் மாத்திரை இல்லை. மருந்துக்கடை தெருமுனையிலிருந்து வலது பக்கம் திரும்பினால் மூன்றாவது கடை. முந்நூறு அடி இருக்கும்.

சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். நாலு வீடு தாண்டினேன். வெயிலில் கண் லேசாக இருட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக அடித்தது. தெருவில் ஆள் இல்லை. இங்கே விழுந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் தாமதம், கால் தானாகத் திரும்பிவிட்டது. வீட்டுக்கு வந்து காளிராஜுக்குப் போன் செய்தேன்.

அரை மணி நேரத்தில் மாத்திரையோடு வந்தான். ஜெயக்கொடிக்குக் கொடுத்துவிட்டு என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மதினிய நல்லாப் பாத்தீங்களா? கழுத்தெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு நிக்குது."

"காய்ச்சல்லடா."

"காய்ச்சல் இன்னைக்கு வந்தது. எலும்பு இன்னைக்கா தெரியுது?" குரலைத் தாழ்த்தினான். "எம் பொண்டாட்டி அதே அங்கன்வாடி சென்டர்லதான சமைக்குது. அவ சொன்னா. மதினிக்கு மேற்பார்வையாளரா புரமோசன் வந்திருக்கு. இருபத்திரண்டு வருசம் கழிச்சு. தொண்டியில போஸ்டிங். ஜூன் பதினஞ்சுக்குள்ள சேரணும். வேணாம்னு எழுதிப் பைக்குள்ள வச்சுக்கிட்டே அலையுறாங்களாம். குடுக்கவும் மனசு வரல, கிழிக்கவும் மனசு வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு விஷயம் நடந்திருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மே 15, திங்கள்

நேற்று எழுதியதில் கடைசி வரி பொய்.

என் டைரியிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன். வேறு யாரும் படிக்கப்போவதில்லை. யாரிடம் மறைத்தேன்?

ஏப்ரல் பதினெட்டாம் தேதி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் கேட்டேன். "நெசமாவா மேடம்? எம் பேரா?" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து கேட்டு வருஷக்கணக்காகிறது. "தொண்டியா… தெரியும் மேடம், கடற்கரை ஊரு" என்றாள். சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "வீட்டுல அவருக்கு ஒடம்பு… யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

அவள் போனால் பகலில் நான் தனியாகக் கிடப்பேன், ராத்திரி தனியாகக் கிடப்பேன், செத்துக் கிடந்தால் பால்காரர்தான் கண்டுபிடிப்பார் என்று வரிசையாக ஓடியது. பத்து நிமிஷத்தில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. வலி பொய்யில்லை. சத்தியமாக வலித்தது. ஆனால் அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டபோது, வலியோடு வலியாக ஒரு நிம்மதியும் வந்தது. இனி அவள் எங்கும் போகமாட்டாள்.

அந்த நிம்மதியை நான் அப்போதே கவனித்தேன். கவனித்துவிட்டு, கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. ஜூன் பதினைந்துக்குள் நான் தனியாக இருக்கப் பழக வேண்டும். பழகிவிட்டு அவளிடம் சொல்ல வேண்டும். இப்போதே சொன்னால் அவள் நம்பமாட்டாள். நானே நம்பவில்லை.

மே 17

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளித்தேன். நாலு செம்பு தண்ணீர். சோப்புப் போடவில்லை.

மே 18

சோப்புப் போட்டேன்.

மே 20

மருந்துக்கடை வரை போய் வந்தேன். என்ன வேண்டும் என்று கடைக்காரன் கேட்டான். எதுவும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இருமல் மிட்டாய் வாங்கினேன்.

மே 23, செவ்வாய்

மதுரை. ட்ரெட்மில்.

நெஞ்சில் அங்கங்கே ஒயர் ஒட்டிப் பட்டையில் ஏற்றினார்கள். ஜெயக்கொடி கதவுக்கு வெளியே இருந்தாள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வேகம் கூடியது. நான்காவது நிமிஷம் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். வலிக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. பயமாக மட்டும் இருந்தது. வலி வந்தால் நிறுத்தச் சொல்வது, பயத்துக்கு நிறுத்தச் சொல்வதில்லை என்று முடிவு செய்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது நிமிஷம். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பிறகு என் டைரியைப் புரட்டினார். பிரஷர் பக்கங்களை மட்டும்தான் காட்டினேன்.

"இதயம் நல்லா வேலை செய்யுது. பிரஷர் இனிமே வாரத்துக்கு ஒரு தடவை போதும். வேலைக்குப் போகலாம். பாரம் மட்டும் தூக்காதீங்க."

"வலி வந்தா சார்?"

"வந்தா மாத்திரைய நாக்குக்கு அடியில வைங்க. அஞ்சு நிமிஷத்துல கேக்கலைன்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க. அதுக்கு வைத்தியம் இருக்கு. வலி வருமா வருமான்னு உக்காந்திருக்கிறதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

பஸ்ஸில் ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் தலை சாய்த்து விருதுநகர் வரை தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது.

மே 26, வெள்ளி

தோற்றுப்போனேன்.

திருத்தங்கலில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போய்வரச் சொல்லி நானே அனுப்பினேன். சாயங்காலம் வந்தால் போதும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். நாற்பது நிமிஷம் தாங்கியது. பிறகு உள்ளங்கை வேர்த்தது. பிரஷர் மெஷினை எடுத்தேன். 148. மறுபடி 152. மறுபடி 160. பார்க்கப் பார்க்க ஏறியது. போன் செய்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். சாப்பாட்டில் உட்கார்ந்தவள் கையைக் கழுவிவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 27

பிரஷர் மெஷினைக் காளிராஜ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்தே போனேன். "வாரா வாரம் ஞாயித்துக்கிழம வர்றேன், அப்ப மட்டும் குடு. நடுவுல கேட்டாலும் குடுக்காத" என்றேன்.

"சத்தம் போட்டுக் கேட்டா?"

"அப்பயுங் குடுக்காத."

ஜூன் 1, வியாழன்

இன்று காலை ஒன்பதரை முதல் ஒன்றரை வரை தனியாக இருந்தேன். அவளுக்குச் சென்டர் திறந்துவிட்டது. பதினொரு மணிக்கு வர வேண்டாம், பிள்ளைகளைப் போட்டுவிட்டு ஓடி வராதே என்று சொல்லி அனுப்பினேன்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது. இப்போது வலி வந்தால் என்ன செய்வாய் என்று மனசு கேட்டது.

போன தடவை பதில் சொல்லாமல் பிரஷர் மெஷினை எடுத்தேன். இன்று பதில் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். வந்தால் மாத்திரை வைப்பேன். காளிராஜுக்குப் போன் செய்வேன். கதவு திறந்திருக்கிறது. சொல்லிவிட்டுப் புளியில் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். மறுபடி கேட்டது. மறுபடி அதையே சொன்னேன். இருபது தடவையாவது கேட்டிருக்கும். கேட்கிற கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு சலிப்பு வந்துவிட்டது. பயம் குறைந்ததா என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் இந்த ஒரே கேள்விக்கா பயந்தேன் என்று எரிச்சலாக வந்தது.

இரண்டு கிலோ புளி. ஒரு கொட்டை இல்லை.

ஜூன் 5

நாலு நாளாகப் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறேன். நேற்று மாடியில் துணி காயப்போட்டேன். இன்று துணியை எடுத்து மடித்தும் வைத்தேன். ஜெயக்கொடி மடித்த துணியைக் கலைத்துவிட்டு அவள் மாதிரி மடித்தாள்.

இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

ஜூன் 7

சொல்லவில்லை.

ஜூன் 8, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"தொண்டி ஆர்டர் விசயம் எனக்குத் தெரியும்."

கத்தி நிற்கவில்லை. "காளிராசு சொன்னானாக்கும்."

"அவன் போன மாசம் சொன்னான். அதுக்கு முன்னாடியே தெரியும். நீ போன்ல பேசுனப்பவே கேட்டுட்டேன்."

இப்போது நின்றது. அவள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அன்னைக்குத்தான ஒங்களுக்கு வலி வந்துச்சு?"

"ஆமா."

"வலி வந்துச்சா? வர வச்சீங்களா?"

"வந்துச்சு. நெசமாத்தான் வந்துச்சு. ஆனா வந்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு ஜெயா. நீ போகமாட்டேன்னு."

கத்தியைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"மூணு நாளு அந்தப் பெஞ்சுல உக்காந்து நான் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? அந்தப் போனு வந்ததும் அஞ்சு நிமிசம் சந்தோசப்பட்டேன். புருசன் இப்படிக் கெடக்கும்போது எவ சந்தோசப்படுவா, அதுக்குத்தான் சாமி கையோட கூலி குடுத்துருச்சுன்னு நெனச்சேன். அந்த அஞ்சு நிமிசத்துக்காக இன்னைக்கு வரைக்கும் மாரியாத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்." குரல் உடைந்தது. "நீங்க அங்க நிம்மதியாப் படுத்திருந்தீங்க!"

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. கை தானாக மணிக்கட்டுக்குப் போனது. எடுத்துவிட்டேன். இந்த நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் 'அம்மா' என்றால் அவள் இறங்கி ஓடி வருவாள். கோபத்தையும் விழுங்கிக்கொண்டு வருவாள். அது எனக்கும் தெரியும், என் நெஞ்சுக்கும் தெரியும். அடிக்கட்டும் என்று உட்கார்ந்து மிச்ச வெண்டைக்காயை நறுக்கினேன். பெரிசும் சின்னதுமாக வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கி வந்து குழம்பு வைத்தாள். பேசவில்லை.

ஜூன் 9

பேசவில்லை.

ஜூன் 10, சனி

காலையில் கைப்பையிலிருந்து, வேண்டாம் என்று எழுதியிருந்த காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தே நாலாகக் கிழித்தாள்.

"பதினஞ்சாந் தேதி சேரணும். நான் போறேன். ஒங்ககிட்டக் கேக்கல. சொல்றேன்."

"போ."

"தனியா இருந்துக்கிருவீங்களா?"

"இருப்பேன்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா காளிராஜக் கூப்பிடுவேன். ஒன்னக் கூப்பிடமாட்டேன்."

அதற்கும் அவள் முகம் வாடியது. என்ன சொன்னாலும் தப்பாகிற நாள் சில உண்டு.

ஜூன் 14, புதன்

பஸ் ஏற்றிவிட்டேன். ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை, ஒரு ஸ்டவ். மாத்திரை டப்பாவில் காலை, மதியம், ராத்திரி என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பற்றி நாலு தடவை சொன்னாள். வேறு எதுவும் பேசவில்லை. பஸ் நகர்ந்ததும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சாவி போடும் சத்தம் இவ்வளவு பெரிசாக இதுவரை கேட்டதில்லை.

ஜூன் 15

காலையில் கண் விழித்தேன். அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

ஜூன் 16

சாதம் குழைந்துவிட்டது. சாப்பிட்டேன்.

ஜூன் 20, செவ்வாய்

பிரஸ்ஸுக்குப் போனேன். புரூஃப் சீட்டு இன்னும் காலியாகத்தான் இருந்தது. மாடிக்கு முப்பத்திரண்டு படி. பதினாறில் ஒரு தடவை நின்றேன். மெஷின் ஹாலைத் தாண்டும்போது மட்டும் அந்தப் பேப்பர் கட்டுகள் இருந்த பக்கம் பார்க்காமல் போனேன். இறங்கி வரும்போது பார்த்தேன். வேறு கட்டுகள் இருந்தன. ஒரு பையன் மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 28

இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்று தினசரிக் காலண்டர் புரூஃபில் செப்டம்பர் பதினொன்றும் புதன், பன்னிரண்டும் புதன் என்று இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்படியே ஓடியிருந்தால் மொத்தமும் எடைக்குத்தான் போயிருக்கும். முதலாளி மேலே வந்து, "எப்படிய்யா கண்ணுல பட்டுச்சு?" என்றார்.

எப்படிச் சொல்வது? எது தப்பாகும், எங்கே தப்பாகும் என்று ஆறு மாசமாக ராப்பகலாகத் தேடின புத்தி இது. என் உடம்பை விட்டுவிட்டு இப்போது காலண்டரில் தேடுகிறது.

ஜூலை 5

ஜெயக்கொடி தினமும் எட்டு மணிக்குப் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. சாப்பிட்டேன், போட்டேன். வைத்துவிடுகிறாள். ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்கிற மாதிரி இருக்கிறது. கேட்கட்டும். கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஜூலை 12, புதன்

இன்று மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைக்கவில்லை.

"இங்க ஒரு சென்டர்ல ஓட்டுக்கூரை ஒழுகுது. பத்து நாளாச் சொல்றேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னைக்குப் போயி ஊர்த்தலைவர் வீட்டு வாசல்லயே உக்காந்துட்டேன்."

"நீயா?"

"நாந்தான். நாளைக்கு ஆள் வருது." பிறகு கேட்டாள். "வர்ற சனிக்கிழம வர்றீங்களா? இல்ல, அடுத்த சனிக்கிழம. தனியா வர முடியுமா?"

"வர்றேன்."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். ஐந்தரை மணி நேரம். இரண்டு பஸ்.

ஜூலை 22, சனி, தொண்டி

இதை ஜெயக்கொடியின் வாடகை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தொண்டி பஸ்ஸில் ஏறினேன். "தொண்டிக்கு ஒரு டிக்கெட்" என்றேன். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். சிவகங்கை வரை ஒன்றுமில்லை. காளையார்கோவில் தாண்டியதும் வெறும் பொட்டல். கருவேல மரம், வெயில். அங்கே வைத்து வந்தது. நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது, கழுத்து வேர்த்தது. இந்தக் காட்டில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது? இறங்கி எதிர் பஸ் பிடித்துக் காளையார்கோவிலுக்கே போய்விடு. எழுந்து பாதி நின்றுவிட்டேன்.

"எறங்கணுமாண்ணே? இங்க ஸ்டாப் இல்லையே" என்றார் கண்டக்டர்.

வலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை. பயம்தான்.

"இல்லப்பா. தொண்டிதான்" என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். கடித்தேன். திருவாடானை வருவதற்குள் நெஞ்சு தன் பாட்டுக்கு அடங்கிவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஜெயக்கொடி இல்லை. போன் செய்தேன். கடற்கரைக் குப்பத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறார்கள், அங்கேயே வந்துவிடுங்கள் என்றாள். விசாரித்துக்கொண்டு நடந்தேன்.

சென்டர் வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஒரு இளம் தாய் பிள்ளையைத் தராசில் போடமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் எடை சொன்னால் கண்பட்டுவிடுமாம். ஜெயக்கொடி தரையில் சம்மணம் போட்டு அவளுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

"சத்தமாச் சொல்லமாட்டேன்த்தா. ஒங்காதுல மட்டும் சொல்றேன். புள்ள எளைச்சிருந்தா சத்துமாவு கூடத் தரணும்ல. எனக்குத் தெரிஞ்சாத்தான தர முடியும்?"

அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தளர்த்தினாள். ஜெயக்கொடி பிள்ளையை வாங்கித் தராசில் போட்டாள், பார்த்தாள், தாயின் காதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இருபத்தாறு வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவள் வேலை செய்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். எழுந்து ஓடி வரவில்லை.

"வந்துட்டீங்களா? பைய அங்கிட்டு வச்சுட்டு அந்த ரிஜிஸ்டர எடுங்க. நான் சொல்றத எழுதணும்." பிறகு பக்கத்திலிருந்த டீச்சரிடம், "எங்க வீட்டுக்காரரு. பிரஸ்ல புரூஃப் பாக்குறாரு. தப்பே வராது" என்றாள்.

முப்பத்தேழு பிள்ளைகளின் எடையை எழுதினேன்.

ஜூலை 23, ஞாயிறு

காலையில் கடற்கரைக்குப் போனோம். அலை அதிகமில்லாத கடல். ஜெயக்கொடி தன் சென்டர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தாள். எந்த டீச்சர் கெட்டிக்காரி, எந்த ஊருக்கு பஸ் கிடையாது, எங்கே நாய் துரத்தும். முகத்தில் சதை வைத்திருக்கிறது.

"கோவம் போயிருச்சான்னு கேக்காதீங்க" என்றாள் திடீரென்று. "பாதி போயிருச்சு."

"மீதி?"

"இருக்கட்டும். மறைக்காமச் சொன்னீங்கள்ல, அதனாலதான் பாதியாவது போச்சு. மீதிக்கு அவசரம் இல்ல."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். மதுரை பஸ் நின்றது. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். கீழே நின்று கேட்டாள்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவீங்கள்ல?"

"அடுத்த வாரம் முடியாது ஜெயா. ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடணும். ஞாயித்துக்கிழமையும் வேல இருக்கும். அதுக்கடுத்த வாரம் வர்றேன்."

என்னை அப்படியே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரிங்க சார்! ஒங்களுக்கு எப்ப ஒழியுதோ அப்ப வாங்க."

"நீ நிக்கணுமா? வெயிலாருக்கு."

"நிக்க நேரமில்ல. நாளைக்குள்ள ரிப்போர்ட் எழுதி அனுப்பணும்" என்று குடையை விரித்தாள்.

டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் இருந்தார். அவள் மீன் கூடைகளுக்கு நடுவே வழி கேட்டு வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் குடை மறையும் வரை அவள் திரும்பவே இல்லை.

அப்படித்தான் போக வேண்டும் என்று இருந்தது எனக்கு.